வாகைக்குளம் முதல் லே வரை: விமான தூரம் ஏன் பயண நேரத்தைச் சொல்வதில்லை

இணையத்தில் தூத்துக்குடி, லே என்று இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்துத் தூரம் கேட்டால் நொடியில் பதில் வரும். ஏறத்தாழ 2,820 கிலோமீட்டர், பறக்கும் நேரம் நான்கு மணி. லடாக்கில் பட்டாளத்தில் இருக்கும் மகன் லீவுக்கு வருகிறான் என்றால், நாங்குநேரியிலோ வள்ளியூரிலோ இருக்கும் தாய் அந்த எண்ணைக் கேள்விப்பட்டு, “ஏய்யா, நாலு மணி நேரந்தானாம்லா, காலையில ஏறுனா மத்தியானச் சோத்துக்கு வந்துருவியா?” என்று போனில் கேட்பாள். மகனுக்குத் தெரியும், காலையில் ஏறினாலும் வீட்டுப் படி மிதிக்க ராத்திரி ஆகிவிடும். நடுவில் ஒரு விமானத்தை விட்டுவிட்டால் மறுநாள்தான்.

அந்த நான்கு மணி தப்பான எண் இல்லை. இந்த இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு ஜெட் விமானம் நேராகப் பறந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு அதுதான் விடை. அப்படிப் பறக்க ஒரு விமானம் இருக்கிறதா என்று அந்தக் கணக்கு கேட்பதே இல்லை. சென்னை, டெல்லி போன்ற பெரிய ஊர்களுக்கு நடுவே இந்த வித்தியாசம் கண்ணில் படாது. நாட்டின் இரண்டு ஓரங்களில் இருக்கும் சின்ன நிலையங்களுக்கு இடையில்தான் தூரமும் நேரமும் வெகுவாக விலகிப் போகின்றன. ராணுவத்துக்கும் வளைகுடாவுக்கும் வடநாட்டு வேலைகளுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நம் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அதனால் கணக்கை அடியிலிருந்தே போட்டுப் பார்ப்போம்.

எந்தத் தூரம்?

திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் எவ்வளவு தூரம் என்றால், நாகர்கோவில் வழியாகப் போய்ப் பழகியவர்கள் 150 கிலோமீட்டர் என்பார்கள். வரைபடத்தில் ஸ்கேலை வைத்து அளந்தால் 90 கிலோமீட்டர்தான் வரும். நடுவில் பொதிகையும் அகத்தியமலையும் நிற்கின்றன. சாலை அந்த மலையைச் சுற்றி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தெற்கே இறங்கித்தான் போக முடியும். விமானத்துக்கு மலை பெரிய தடையில்லை. ஆகவே விமான தூரம் என்று எங்கே எழுதியிருந்தாலும் அது இந்த ஸ்கேல் வைத்து அளந்த தூரம். பூமி உருண்டை என்பதால், உருண்டையின் மேற்பரப்பை ஒட்டி இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோடு அது.

இந்தக் கோட்டைக் கணக்கிட இரண்டு நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போதும். வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையம் வடக்கு 8 பாகை 43 கலை, கிழக்கு 78 பாகை ஒன்றரைக் கலை. லே நிலையம் வடக்கு 34 பாகை 8 கலை, கிழக்கு 77 பாகை 33 கலை. ஒரு பாகைக்கு 60 கலை.

தீர்க்கரேகைகளைப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றேதான். கன்னியாகுமரிக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும் வாகைக்குளத்தில் வடக்கு பார்த்து நின்று, திரும்பாமல் போய்க்கொண்டே இருந்தால் லேக்குப் பக்கத்தில் போய் நிற்போம். அதனால்தான் ஆரம்பப் பாடத்துக்கு இந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டேன். கால்குலேட்டரில் சைன், காஸ் எதுவும் தட்ட வேண்டியதில்லை, கழித்தால் போதும். 34 பாகை 8 கலையிலிருந்து 8 பாகை 43 கலையைக் கழித்தால் 25 பாகை 25 கலை. எல்லாவற்றையும் கலையாக மாற்றினால் 1,525.

விமானிகளும் மாலுமிகளும் தூரத்தை நாட்டிகல் மைலில் சொல்வதன் வசதி இங்கேதான் புரியும். அட்சரேகையில் ஒரு கலை நகர்ந்தால் ஒரு நாட்டிகல் மைல் நகர்ந்ததாக அர்த்தம். ஆக வாகைக்குளம்–லே தூரம் 1,525 நாட்டிகல் மைல். ஒரு நாட்டிகல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் பெருக்கினால் 2,824 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் இருக்கும் அரைப் பாகை வித்தியாசம், பக்கவாட்டில் 50 கிலோமீட்டர் அளவுக்கு வரும். இவ்வளவு நீளமான கோட்டில் அந்த 50 கிலோமீட்டர் விலகல் மொத்தத் தூரத்தில் அரைக் கிலோமீட்டரைக்கூடக் கூட்டாது.

இன்னும் நுணுக்கம் வேண்டுமானால், பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் சப்பை. அதனால் ஒரு பாகையின் நீளம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. நம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பாகை 110.6 கிலோமீட்டர், லே பக்கம் 110.9. இதைச் சேர்த்துப் பார்த்தால் தூரம் பத்துக் கிலோமீட்டர் குறைந்து 2,814 பக்கம் வந்து நிற்கும். ஒரு தளம் 2,814 என்றும் இன்னொன்று 2,826 என்றும் காட்டினால் குழம்ப வேண்டாம். ஒன்று சப்பையைக் கணக்கில் எடுத்திருக்கிறது, மற்றது எடுக்கவில்லை.

இந்தச் சப்பையை அளந்து சொன்ன வேலைக்கும் நம் மண்ணுக்கும் நேரடி உறவு உண்டு. 1802-ல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம், மற்ற அளவுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோட்டை அளந்து நில அளவையைத் தொடங்கினார். அந்த வேலையின் முதுகெலும்பாக, 78 பாகை தீர்க்கரேகையை ஒட்டிக் குமரிமுனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை ஒரு கோடு அளக்கப்பட்டது. அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதை முடித்தார். மலை உச்சிகளிலும் கோயில் கோபுரங்களிலும் கருவியை ஏற்றி வைத்து, முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்து போனார்கள். ஒரு பாகையின் நீளம் இடத்துக்கு இடம் மாறுவது அந்த அளவையில் எண்ணாகவே தெரிந்தது. வாகைக்குளத்தையும் லேயையும் இணைத்து இன்று நாம் போடும் கோட்டின் பெரும்பகுதி அந்தப் பழைய கோட்டின் பக்கத்திலேயே ஓடுகிறது.

தீர்க்கரேகையும் மாறினால் இன்னும் ஒரு படி தேவை. சென்னையை எடுத்துக்கொள்வோம். மீனம்பாக்கம் வாகைக்குளத்துக்கு வடக்கே 256 கலை, அதாவது 474 கிலோமீட்டர். கிழக்கே 128 கலைக்குக் கொஞ்சம் கூடுதல். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், கிழக்கு மேற்குக் கணக்கை மட்டும் அந்த இடத்து அட்சரேகையின் காஸ் மதிப்பால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 11 பாகைக்கு அது 0.98. ஆக 234 கிலோமீட்டர். இனி பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 529 கிலோமீட்டர். ரயிலில் திருநெல்வேலியிலிருந்து எழும்பூர் 650 கிலோமீட்டர் அளவில் வருவதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பிதாகரஸ் சில நூறு கிலோமீட்டருக்குத்தான் சரிவரும். கண்டம் தாண்டினால் உருண்டை தன் வேலையைக் காட்டும். வகுப்பறைச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் சென்னையையும் சான்ஃபிரான்சிஸ்கோவையும் இணைத்தால் கோடு பசிபிக் கடலின் நடுவே போகும். உலக உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊரிலும் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது வடக்கே ஏறி, சைபீரியாவின் வடகிழக்கு மூலையையும் அலாஸ்காவையும் தொட்டுக்கொண்டு இறங்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். சொல்லிப் புரியாதது இழுத்துப் பிடித்த நூலில் புரிந்துவிடும்.

உயரத்தில் பறப்பதால் தூரம் கூடாதா என்றும் கேட்பார்கள். கூடும், ஆனால் ஒன்றுமில்லாத அளவு. ஜெட் விமானம் பறப்பது பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். வாகைக்குளம்–லே தூரத்துக்கு இதனால் கூடுவது ஐந்து கிலோமீட்டருக்குள்தான்.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் போதுமா?

சென்னைக்குப் பறக்கும் ஏடிஆர் 72 இரண்டு விசிறி வைத்த விமானம். அதன் பறக்கும் வேகம் மணிக்கு 510 கிலோமீட்டர் அளவு. 529-ஐ 510-ஆல் வகுத்தால் ஒரு மணி இரண்டு நிமிடம். டிக்கெட்டில் போட்டிருப்பதோ ஒன்றரை மணியை ஒட்டி இருக்கும். மீதி எங்கே போனது?

டிக்கெட்டில் இருக்கும் நேரம் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை. இடையில் விமானம் ஓடுதளத்துக்கு ஊர்ந்து போக வேண்டும். சென்னை மாதிரிப் பெரிய நிலையத்தில் முன்னால் நாலைந்து விமானம் நின்றால் காத்திருக்க வேண்டும். ஏறும்போது முழு வேகம் கிடையாது, இறங்கும்போதும் கிடையாது. இறங்கும் முன் வரிசையில் விடுவதற்காகச் சுற்ற வைப்பதும் உண்டு. இத்தனைக்கும் சேர்த்து விமான நிறுவனம் கொஞ்சம் தாராளமாகவே நேரம் குறித்து வைக்கிறது. “பத்து நிமிஷம் முன்னாடியே இறங்கிட்டோம்” என்று சிலநேரம் சந்தோஷப்படுகிறோமே, அது அந்தத் தாராளத்தில் மிஞ்சியது.

நானாகக் கணக்குப் போடும்போது வைத்துக்கொள்ளும் வழி இது. ஜெட் விமானம் என்றால் தூரத்தை 800-ஆல் வகுத்து அரை மணி கூட்ட வேண்டும். ஏடிஆர் என்றால் 500-ஆல் வகுத்து அதே அரை மணி. டெல்லி–சென்னை 1,760 கிலோமீட்டர், இரண்டே முக்கால் மணி பக்கம் வரும். லே–டெல்லி 622 கிலோமீட்டர், ஒன்றே கால் மணிக்குச் சற்றுக் கூடுதல். கால அட்டவணையோடு ஒப்பிட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள்தான் பிசகும். வாகைக்குளம்–லேக்கு இதே வழியில் போட்டால் நான்கு மணி வரும். அந்தத் தாய் பார்த்த எண் இப்படித்தான் பிறந்தது.

காற்றின் பங்கு தனிக் கதை. விமானத்தின் வேகம் என்று சொல்வது காற்றுக்குள் அது போகும் வேகம். காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரையைப் பார்த்து அளக்கும் வேகம் மாறிவிடும். குறுக்குத்துறையில் தாமிரபரணி நிறைந்து ஓடும்போது ஓட்டத்தோடு நீந்துகிறவனும் எதிர்த்து நீந்துகிறவனும் ஒரே மாதிரிதான் கை போடுகிறார்கள், கரையிலிருந்து பார்த்தால் ஒருவன் பாய்கிறான், மற்றவன் நின்ற இடத்தில் நிற்பதுபோல் இருக்கிறான். ஏடிஆருக்கு எதிரே மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அடித்தால் தரை வேகம் 450 ஆகக் குறையும், 529 கிலோமீட்டருக்கு 70 நிமிடம் பிடிக்கும். அதே காற்று பின்னால் இருந்தால் 570, 56 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாம் என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள்: 126 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போய்வர 124 நிமிடம்தான். எதிர்க்காற்றில் மெதுவாகப் போகும்போது அந்தக் காற்றில் சிக்கியிருக்கும் நேரமும் கூடிவிடுவதால், இழந்தது முழுவதும் திரும்பி வருவதில்லை.

நம் பக்கம் காற்றைப் பற்றி யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனியிலும் ஆடியிலும் மேற்கேயிருந்து கணவாய் வழியே வரும் மேல்காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. வாகைக்குளத்து ஓடுதளம் ஏறக்குறையக் கிழக்கு மேற்காகக் கிடப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விமானம் ஏறுவதும் இறங்குவதும் காற்றுக்கு எதிர்முகமாகத்தான். ஆடி மாதத்தில் மேற்கே, மலையைப் பார்த்து ஏறி, பிறகு சென்னைக்காக வடகிழக்கே திரும்ப வேண்டும். வாடை அடிக்கும் காலத்தில் கடலைப் பார்த்து ஏறலாம். நூல் பிடித்த 529 கிலோமீட்டரோடு இந்தத் திருப்பங்களும் சேர்ந்துதான் விமானம் உண்மையில் பறக்கும் தூரம் ஆகிறது.

காற்றுக்காகத் தூரத்தையே கூட்டிக்கொண்ட விமானமும் உண்டு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான்ஃபிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் மாற்றியது. புது வழி சுமார் 15,300 கிலோமீட்டர், பழையதைவிட ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் அதிகம். ஆனால் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயரக்காற்று பின்னாலிருந்து தள்ள, பதினான்கரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பழைய வழியைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிச்சம். இதற்கு நேர்மாறாக, 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் தெற்கே இறங்கிச் சுற்ற வேண்டி வந்தது. ஊர் நகரவில்லை, தூரம் காட்டும் எண் மாறவில்லை. பயணம் நீண்டுவிட்டது.

துபாய் போகிறவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறாத குடும்பம் குறைவு. காலை 10 மணிக்குப் புறப்பாடு, 12.40-க்குத் துபாய் என்று டிக்கெட்டில் இருந்தால், இரண்டே முக்கால் மணிப் பயணம்போல் தெரியும். தூரம் 2,900 கிலோமீட்டருக்கு மேல் என்பதால், 800-ஆல் வகுத்து அரை மணி கூட்டினாலே நான்கு மணியைத் தாண்டிவிடும். துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். திரும்பி வரும்போது அதே ஒன்றரை மணி கூடிக்கொண்டு, பயணம் ஆறு மணி நேரம்போலத் தோன்றும். நாட்டுக்குள் பறக்கும்போது இந்தத் தொல்லை இல்லை, வாகைக்குளத்திலும் லேயிலும் ஒரே மணிதான்.

நேராக ஏன் ஒரு விமானம் இல்லை?

லே நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மெலிந்த காற்றில் இறக்கை தூக்கும் சக்தி குறைகிறது, எஞ்சினின் உந்துதலும் குறைகிறது. ஆகவே அதே விமானம் அங்கே இன்னும் வேகமாக, இன்னும் நீளமாக ஓடித்தான் தரையை விட வேண்டும். வெயில் ஏறினால் காற்று இன்னும் மெலியும், பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்றும் வலுக்கும். அதனால் லேயில் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலை நேரத்தில்தான் வந்து போகின்றன, எடையையும் குறைத்தே ஏற்றுகிறார்கள். 2,800 கிலோமீட்டருக்கு வேண்டிய எரிபொருளோடும் முழுப் பயணிகளோடும் அங்கிருந்து எழும்புவது சிரமம். அறுநூறு கிலோமீட்டரில் இருக்கும் டெல்லி வரை என்றால் கொஞ்ச எரிபொருள் போதும்.

வாகைக்குளத்துக்கு இருந்த தடை ஓடுதளத்தின் நீளம். வெகுகாலம் அது 1,351 மீட்டர்தான். அந்த நீளத்துக்கு ஏடிஆர் சரி, ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் சரிவராது. அதனால்தான் இத்தனை வருடமும் விசிறி வைத்த விமானமே வந்து போனது. இப்போது ஓடுதளத்தை 3,115 மீட்டராக நீட்டியிருக்கிறார்கள். 2025 ஜூலை 26-ல் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். இனி ஜெட் விமானம் இறங்க இடம் போதாது என்று சொல்ல முடியாது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி என்று மூன்று மாவட்டத்து மக்களுக்கு இது பெரிய விஷயம். டெல்லிக்கோ மும்பைக்கோ நேராக ஒரு விமானம் கிடைப்பது நம் பக்கத்துப் பயணக் கணக்கையே மாற்றிவிடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் லேக்கு நேராக வராது. மூன்றாவது காரணம் ஆட்கள். ஒரு ஏ320-ல் 180 இருக்கைகள். வாகைக்குளத்திலிருந்து லேக்குப் போகத் தினமும் 180 பேர் வேண்டும். சென்னைக்குப் போகிறவர், அங்கிருந்து டெல்லி, கொல்கத்தா, அந்தமான் என்று பிரிகிறவர் எல்லோரையும் ஒரே விமானத்தில் ஏற்றிச் சென்னையில் கொண்டுபோய்ப் பிரித்தால் இருக்கை நிறையும். சின்ன ஊர் நிலையங்கள் எல்லாம் இப்படி ஏதோ ஒரு பெரிய நிலையத்தில் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. லேக்கு டெல்லி, நமக்குச் சென்னை.

இப்போது உண்மையான பயணத்தைக் கோத்துப் பார்க்கலாம். லே–டெல்லி 622, டெல்லி–சென்னை 1,760, சென்னை–வாகைக்குளம் 529. மொத்தம் 2,911 கிலோமீட்டர். நேர்கோட்டுத் தூரத்தைவிட 90 கிலோமீட்டர்தான் கூடுதல், ஏனென்றால் நான்கு ஊரும் ஏறத்தாழ ஒரே வரிசையில் இருக்கின்றன. இத்தனை மாறி ஏறியும் தூரம் மூன்று சதவீதம்தான் கூடியிருக்கிறது.

நேரத்தைப் பாருங்கள். மகன் காலை 8 மணிக்கு லேயில் கிளம்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். 9.20-க்கு டெல்லி. அடுத்த விமானம் நண்பகலில் கிடைத்தால் 2.45-க்குச் சென்னை. மாலை 5 மணிக்கு வாகைக்குளம் விமானம் அமைந்தால் 6.30-க்கு இறங்கி, பெட்டியை எடுத்து, காரில் எட்டு மணியை ஒட்டி வீடு. லேயில் பாதுகாப்புச் சோதனைக்காக இரண்டு மணி முன்பே போக வேண்டும் என்பதையும் சேர்த்தால் பதினான்கு மணி நேரம் ஆகிறது. விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தது ஐந்தரை மணி. மீதி எட்டரை மணி முழுவதும் காத்திருப்பும் தரைப் பயணமும். இதுகூட எல்லாம் நல்லபடியாக அமைந்தால்தான். மாலை விமானம் தவறினால் எழும்பூர் போய் இரவு நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

நாங்குநேரி, வள்ளியூர்க்காரர்கள் இந்த இடத்தில் திருவனந்தபுரத்தையும் பார்க்க வேண்டும். டெல்லியிலிருந்து திருவனந்தபுரம் 2,230 கிலோமீட்டர், நேர் விமானம் இருக்கிறது, மூன்றேகால் மணி. ஒரு இடத்தில்தான் மாறி ஏற வேண்டும். இறங்கிய பிறகு நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம் உண்டு, அதுவும் மூன்று மணி நேரத்தைச் சாப்பிடும். ஆனாலும் விட்டுவிடக்கூடிய விமானங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. பக்கத்தில் இருக்கும் நிலையம்தான் சீக்கிரம் கொண்டுசேர்க்கும் என்று நினைத்து டிக்கெட் போடுவதைவிட, எத்தனை முறை மாறி ஏறுகிறோம் என்று எண்ணிப் பார்த்துப் போடுவது நல்லது. விமானங்களின் எண்ணிக்கை அதிகமுள்ள நிலையம் என்றால், ஒன்று போனாலும் அடுத்ததில் இடம் கேட்கலாம்.

சென்னைக்கு மட்டும் போகிறவர்களும் வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை கணக்குப் போட வேண்டும். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து வாகைக்குளம் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல், முக்கால் மணி. செக்-இன் கவுண்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்பே மூடிவிடுவார்கள் என்பதால் ஒன்றரை மணி முன்னால் அங்கே நிற்க வேண்டும். பறப்பது ஒன்றரை மணி. பெட்டிக்கு அரை மணி. மீனம்பாக்கத்திலிருந்து போக வேண்டிய இடத்துக்கு முக்கால் மணி. கூட்டினால் ஐந்து மணி. 2023 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் எட்டு மணிக்குள் எழும்பூரில் விட்டுவிடுகிறது. டிக்கெட்டை வைத்துப் பார்த்தால் ஒன்றரைக்கு எட்டு என்று தெரிவது, வாசல் கணக்கில் ஐந்துக்கு ஒன்பது என்று ஆகிறது. விமானம் இன்னும் சீக்கிரம்தான். வித்தியாசத்துக்குக் கொடுக்கும் பணம் தகுமா என்பதை அவரவர் சூழ்நிலை முடிவு செய்யும். ஆஸ்பத்திரி அவசரம் என்றால் தகும்.

மாறி ஏறும் பயணத்தில் டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எல்லாப் பகுதியும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சேரும். பெட்டியும் கடைசி ஊர் வரை தானாகப் போகும். தனித்தனியாக எடுத்தால் சில நூறு ரூபாய் குறையலாம். ஆனால் ஒன்று தவறினால் அடுத்த டிக்கெட்டின் பணம் போனதுதான், நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போடவும் வேண்டும். டெல்லியில் ஒரு முனையத்திலிருந்து இன்னொரு முனையத்துக்குச் சாலை வழியாகப் போக வேண்டி வரலாம் என்பதால், தனித்தனி டிக்கெட் என்றால் நடுவில் நான்கு மணியாவது விட வேண்டும்.

லேயில் மேகம் மூடினாலோ பனி பெய்தாலோ காலை விமானம் ரத்தாகும், பிற்பகலில் இன்னொன்று பறப்பது அரிது, மறுநாள் காலைதான். அதனால் லேயிலிருந்து கல்யாணத்துக்கோ கோயில் கொடைக்கோ வருகிறவர்கள் முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் டிக்கெட் போடக் கூடாது, குறைந்தது இரண்டு நாள் முன்னால் போட வேண்டும். திரும்பிப் போகும்போது முதல் நாளே டெல்லி போய்த் தங்கி, மறுநாள் விடியற்காலை விமானத்தில் லே போவதுதான் சரி. டியூட்டியில் சேர வேண்டிய தேதிக்கு முன் அங்கேயும் ஒரு நாள் கையில் இருக்கட்டும், மெலிந்த காற்றுக்கு உடம்பு பழக அந்த நாள் எப்படியும் தேவைப்படும்.